முப்பத்தெட்டு கனமீட்டர் இடுப்பு

தையலக்காவின் கடையில் இரண்டு நாற்காலி, ஒரு தையல் மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஒரு கைப்பேசி. இவற்றில் அதிகமாக உழைத்தது கைப்பேசிதான். சட்டை தைக்கக் கொடுத்தால் அதை வாங்கப் பத்து நாள் நடக்க வேண்டும். ஆனால் மலையில் இன்று எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே அந்த நிமிஷம் பதில் சொல்வாள்.

தையல் கடைக்கும் மலைத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் இரண்டு ஆம்பிளைகளின் வீம்பு. ஒருவர் அவள் கூடப் பிறந்த அண்ணன். இன்னொருவர் அவளைக் கட்டிக்கொண்டவர்.

மலை உச்சியில் நாலு ஏரிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால்வாய். நாலின் தண்ணீரும் சேர்ந்து இறங்கி, மேல்நிலையத்தின் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும். வந்த தண்ணீர் இருபது நிமிஷம் கால்வாயில் ஓடி, இடைக்குளம் என்கிற சின்னக் குளத்தில் சேரும். அங்கிருந்து குழாய் வழியாகக் கிடுகிடுவென்று விழுந்து கீழ்நிலையத்தின் இரண்டு டர்பைன்களைச் சுற்றும். ஒரே தண்ணீர், இரண்டு தடவை மின்சாரம். மேல்நிலையத்தில் பகல் ஷிப்டுக்குப் பொறுப்பு அண்ணன். கீழ்நிலையத்தில் பகல் ஷிப்டுக்குப் பொறுப்பு புருஷன்.

இடைக்குளத்துக்கு வயிறு சின்னது. மேலே அதிகம் திறந்தால் வழிந்து வீணாகும். கீழே அதிகம் எடுத்தால் வற்றிப் போய்க் குழாயில் காற்று ஏறி, மிஷின் நின்று, ஊர் இருட்டாகும். அதனால்தான் வினாடிக்கு எத்தனை கனமீட்டர் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்கென்றே இரண்டு மேஜையிலும் ஒரு சிவப்பு ஹாட்லைன் தொலைபேசி உண்டு. மற்ற ஷிப்டுக்காரர்கள் அதில் ஒழுங்காகப் பேசிக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் ஷிப்டில் மட்டும் அதன் மேல் தூசி படிந்தது.

சண்டை தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையலக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். சாப்பிட்டுக் கை கழுவப் போன அண்ணன் குழாயடியில் நின்று சிரித்தார்.

"மாப்ள, ஒன்னு சொல்லட்டா? நான் கை கழுவி விட்ட தண்ணியிலதான் உங்க மிஷினே ஓடுது."

தமாஷுக்குச் சொன்னதுதான். ஆனால் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"இருக்கட்டும் மச்சான். உங்க தண்ணி விழுறது தொண்ணூறு மீட்டர். என்கிட்ட விழுறது முந்நூறு மீட்டர். தடுக்கி விழுறதுக்கும் மாடியில இருந்து விழுறதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"அப்ப நாங்க தடுக்கி விழுறோமா?"

"நான் சொல்லல. மீட்டர் சொல்லுது."

அவ்வளவுதான். கழுவிய கையைத் துடைக்கக்கூட இல்லை, அண்ணன் கிளம்பிவிட்டார். பேச்சுவார்த்தை நின்றது. தண்ணீர் நிற்குமா? மறுநாள் காலை ஆறு பத்துக்கு அண்ணன் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. ஏழு மணிக்கு இருபது வரும். முடிஞ்சாப் பிடிச்சுக்கச் சொல்லு அந்த மேதாவியை."

அவள் புருஷனைக் கூப்பிட்டாள். "என்னங்க, ஏழு மணிக்கு இருபதாம். உங்க முட்டி வலி எப்படி இருக்குன்னு அண்ணன் கேட்டுச்சு."

"முட்டியா? அவருக்கு எதுக்கு என் முட்டி? சரி, இருபது பத்தாது, இருபத்தி மூணு வேணும்னு சொல்லு. கணக்குத் தெரியலேன்னா விரலை விட்டு எண்ணச் சொல்லு."

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். "இருபத்தி மூணு அனுப்புவியாம் அண்ணே. மலையில குளிர் ஜாஸ்தியாமே, உன் சளி எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"சளியா? அவனா கேட்டான்?"

ஏரித் தண்ணீரில் வரும் சருகையும் குப்பையையும் தடுக்கக் குழாய் வாயில் கம்பி வலை போட்டிருப்பார்கள். அந்த வலையின் வேலையை ஐந்து மாதமாகத் தையலக்கா வாய் செய்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை இந்தக் கூத்து. அளவுப் புத்தகத்தில் இடது பக்கம் ஊர்க்காரர்களின் தோள், மார்பு, இடுப்பு. வலது பக்கம் தண்ணீர். போகப் போக அவளுக்கே தொழில் பிடிபட்டுவிட்டது. ஏரிப் பக்கம் மழை என்று தெரிந்தால், "கொஞ்சம் குறைச்சே திற அண்ணே, குளம் ஏற்கெனவே முட்டிக்கிட்டு நிக்குது" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவரும் அது மாப்பிள்ளை சொன்னதாக நினைத்து முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அவள் ஏன் இதைச் செய்தாள்? ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா அம்மா போன பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். சண்டைக்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. தண்ணீர் என்று ஒன்று இல்லாவிட்டால் போனும் வராது. தண்ணீர் அளவைச் சொல்ல மாட்டேன் என்று அவள் ஒரு நாள் மறுத்தாலும், அவளிடம் பேச அண்ணனுக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விடும். அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நாற்பத்து மூன்று வயதுப் பாப்பா. அந்தப் பேரை இழக்க அவளுக்கு மனசில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஐந்து மாதத்தில் இடைக்குளத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வழியவில்லை. தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய இன்ஜினியர் அம்மா இருந்தார். இதைக் கவனித்து அசந்துபோனார். 'இரண்டு நிலையங்களின் பகல் ஷிப்ட் ஒருங்கிணைப்பு மிகச் சிறப்பு. முறையை நேரில் பார்த்து மற்ற நிலையங்களுக்கும் பரப்ப வருகிறேன்' என்று கடிதம் போட்டார். கடிதத்தைப் படித்த புருஷனுக்கு வியர்த்தது. முறையாம் முறை! பொண்டாட்டியின் தையல் மிஷின் பக்கத்தில் அல்லவா இருக்கிறது முறை.

அந்த அம்மா வருகிற நாள். காலை எட்டரை மணி. கடையில் பேக்கரிக்காரர் பேண்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க? வயித்தை உள்ள இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. இப்படித் தச்சா நாளைக்கு உக்காரும்போது பட்டன் தெறிச்சு எதிர்ல இருக்கிறவர் கண்ணுல படும்."

"நாளைக்கு நான் இளைச்சிடுவேன்."

இந்தப் பேச்சுக்கு நடுவில் அண்ணன் போன். காதுக்கும் தோளுக்கும் இடையில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டாள். "பாப்பா, பத்து மணிக்குப் பதினாலு. மேல வாய்க்கால்ல மண் அள்ளுறாங்க. அதனால இன்னிக்குக் கம்மி. எழுதிக்கோ." கை எழுதியது. அதே கை அளவு நாடாவை இழுத்தது. பேக்கரிக்காரர் ஒருவழியாக மூச்சை விட, நாடா முப்பத்தெட்டு காட்டியது. கை அதையும் எழுதியது. எழுதிய பக்கம்தான் மாறிவிட்டது.

"என்னங்க, பத்து மணிக்கு முப்பத்தெட்டாம்."

மறுமுனையில் புருஷன் பல்லைக் கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது. "முப்பத்தெட்டா! பெரிய அம்மா வர்ற நாள் பாத்து மொத்தத்தையும் என் தலையில கொட்டப் பாக்குறாரா உங்க அண்ணன்? நான் திணறணும், அவர் சிரிக்கணும். வரட்டும். ஒரு சொட்டு வழிய விடாம ரெண்டு மிஷினையும் முழுசா ஓட்டிக் காட்டுறேன்."

"அதில்லைங்க, உங்க முட்டி…" என்று அவள் வழக்கமான சர்க்கரையைச் சேர்ப்பதற்குள் வைத்துவிட்டார். வழக்கமாக என்ன இவ்வளவு அதிகம் என்று ஒரு வார்த்தை கேட்கிற மனுஷர்தான். கோபம் வந்தால் கேள்வி வராது என்பார்களே, அது.

பத்தேகாலுக்குத் துணியை மேஜையில் விரித்தாள். சாக்குக்கட்டியை எடுத்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பேக்கரிக்காரர், இடுப்பு பதினாலு.

பதினாலா? பேக்கரிக்காரரின் ஒரு தொடைக்கே அது பத்தாதே! அவள் கண் மெதுவாக வலது பக்கத்துக்கு நகர்ந்தது. மேல்நிலையம், பத்து மணி, முப்பத்தெட்டு.

"அய்யய்யோ" என்றாள். சாக்குக்கட்டி கீழே விழுந்தது.

புருஷனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய அம்மா வருகைக்காகக் கீழ்நிலையத்தில் எல்லாருடைய கைப்பேசியையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு. பதினாலுக்குப் பதிலா முப்பத்தெட்டுன்னு சொல்லிட்டேன். ஹாட்லைன்ல அவரைக் கூப்பிட்டுச் சொல்லிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "நானா கூப்பிடணும்? முதல்ல அவன் கூப்பிடட்டும், பேசுறேன்."

"குளம் காலியாகுது அண்ணே!"

"அவன் குளம்தானே?"

பதில் சொன்னால் வார்த்தை தடித்துவிடும் என்று வைத்துவிட்டாள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினாள். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி எதிர்க்கடையில் நின்ற பேக்கரிக்காரரிடம் கத்திவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள். கழுத்தில் அளவு நாடா பறந்தது.

கீழ்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் புருஷன் விறைப்பாக நின்றிருந்தார். பக்கத்தில் பெரிய இன்ஜினியர் அம்மா, கையில் பேனா. இரண்டு மிஷினும் முழு வேகத்தில் ஓடின. மின்சாரத்தைப் பங்கிடும் லோடு ஆபீஸ்காரர்கள், கிடைத்த மின்சாரத்தையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். வயர்லெஸ்ஸில் குளக்காவலரின் குரல் வந்துகொண்டிருந்தது.

"ஐயா, குளம் நாலு மீட்டர்லேர்ந்து ரெண்டரைக்கு வந்துருச்சு. ஒரு நாற்காலி தெரியுது."

"என்ன நாற்காலி?"

"நம்ம ஆபீஸ் நாற்காலிதாங்க. போன வருஷம் காணாமப் போச்சே, அது."

பெரிய அம்மா புருவத்தை உயர்த்தினார். "தண்ணி வருதுன்னீங்களே?"

"வந்துக்கிட்டே இருக்குங்க மேடம். முப்பத்தெட்டு. இப்ப வந்துரும்."

"ஐயா, ரெண்டு மீட்டர். 'குளத்தில் குப்பை போடாதீர்'னு ஒரு போர்டு தெரியுது. அதையும் யாரோ குளத்துலதான் போட்டிருக்காங்க."

கதவு படாரென்று திறந்தது. "முப்பத்தெட்டு தண்ணி இல்லீங்க!" என்று கத்தினாள் தையலக்கா. "அது பேக்கரிக்காரரோட இடுப்பு! மேல மண் அள்ளுறாங்க, வர்றது பதினாலுதான்!"

அறையே அவளைப் பார்த்தது. "யாரோட இடுப்பு?" என்றார் பெரிய அம்மா.

புருஷனின் கை மிஷினின் கைப்பிடியை நோக்கிப் போனது. பெரிய அம்மா தடுத்தார். பொறுப்பில் இருக்கிறவர்களுக்குத் திகைக்க நேரம் ஏது?

"சட்டுனு குறைச்சா ஊர் இருட்டாயிடும். குளத்துல இன்னும் அரை மணி நேரத் தண்ணி இருக்கு. மேல இருந்து தண்ணி வர இருபது நிமிஷம். மண் அள்ளுறதை நிறுத்திட்டு இருபத்தி நாலு கூடத் திறக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷம் இருக்கு உங்களுக்கு. எடுங்க ஹாட்லைனை."

அவர் ஹாட்லைனைப் பார்த்தார். பிறகு பொண்டாட்டியைப் பார்த்தார். "ஏம்மா… நீயே உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை…"

வந்ததே கோபம் அவளுக்கு! பெரிய அம்மா நிற்பதெல்லாம் கண்ணில் படவில்லை.

"நான் சொல்ல மாட்டேன். அஞ்சு மாசமா ரெண்டு பேர் வாயையும் நான் ஒருத்தி சுமந்தாச்சு. என் புத்தகத்துல மனுஷன் எது, தண்ணி எதுன்னு எனக்கே தெரியல. ஊர் இருட்டாகட்டும், உங்க ரெண்டு பேர் வேலையும் போகட்டும், நான் பேச மாட்டேன். நீங்க பேசுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். இவர் ஒன்று சொல்லி, அவர் ஒன்று சொல்லி, இருக்கிற நூலும் அறுந்துபோனால்? பிறந்த வீட்டை இந்தக் கையாலேயே சாத்திவிட்டதாக ஆகுமே. ஆனாலும் சிவப்புத் தொலைபேசியை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். எடுத்த உடனே அந்தப் பக்கம் மணி அடித்தது. அதைப் புருஷன் காதில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

யாரோ எடுத்தார்கள். இரண்டு மூச்சு மட்டும் கம்பியில் வந்து போனது.

"ஐயா, ஒன்னரை மீட்டர். ஒரு சைக்கிள் தெரியுது" என்றது வயர்லெஸ்.

புருஷன் தொண்டையைச் செருமினார். "மச்சான்… சளி எப்படி இருக்கு?"

"சளியா? எனக்கு எங்க மாப்ள சளி? நீங்கதானே தினம் விசாரிப்பீங்களாம். சரி, பாசத்துல கேக்குறீங்கன்னு நானும் ரெண்டு நாள் இருமிக்கிட்டேன். உங்க முட்டி எப்படி இருக்கு?"

"என் முட்டிக்கு என்ன? நீங்கதானே வலிக்குதான்னு கேட்டுக் கேட்டு… இப்ப லேசா வலிக்கத்தான் செய்யுது."

"நான் எப்ப கேட்டேன்?"

இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். தையலக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா வேலை" என்றார் அண்ணன். அந்தப் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. இந்தப் பக்கமும் தொற்றிக்கொண்டது. "நீங்க அப்படிக் கேட்டீங்கன்னு நினைச்சு, ஒரு நாள் நான் நல்லெண்ணத்துல ரெண்டு கனமீட்டர் கூடவே விட்டேன் மாப்ள!"

"நானும் உங்களைத் திட்டுறதை ஒரு நாள் நிறுத்தினேன் மச்சான். செவ்வாய்க்கிழமை."

"தண்ணியைக் கேளுங்கய்யா!" என்று பெரிய அம்மா மேஜையில் அடித்தார். "சளியையும் முட்டியையும் அப்புறம் பாத்துக்கலாம்!"

"ஆமா மச்சான், மண் அள்ளுறதை நிறுத்திட்டு இருபத்தி நாலு கூடத் திறங்க. குளத்துல சைக்கிளே தெரியுதாம்."

"நிறுத்தச் சொல்லிட்டேன், இதோ திறக்குறேன். எந்த சைக்கிள்? பச்சைக் கலரா? அது என்னோடது மாப்ள!"

இருபத்தொன்றாவது நிமிஷத்தில் தண்ணீர் குளத்துக்கு வந்தது. ஊரில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. பெரிய அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தையலக்காவிடம் கையை நீட்டினார். அவள் அளவுப் புத்தகத்தைக் கொடுத்தாள். அந்த அம்மா பத்து நிமிஷம் அதைப் புரட்டினார்.

"அஞ்சு மாசம் ஒரு சொட்டு வழியல. எல்லாம் நீங்களா?"

"நான் எங்கம்மா? அவங்க சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டிக் குறைச்சு."

"நல்லாத்தான் கூட்டிக் குறைச்சிருக்கீங்க. ஆனா விதின்னு ஒன்னு இருக்கு. இனிமே ஹாட்லைன்ல மட்டும்தான் பேசணும். உங்க கடைக்கு ஒரு போன் வரக் கூடாது." இரண்டு ஆம்பிளைகளிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டு, புத்தகத்தைச் சாட்சிக்கென்று எடுத்துக்கொண்டு போனார். ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு தலைமை அலுவலகக் கோப்பில் ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் டர்பைன் பேச்சு. சாப்பிட்டார், போனார். தங்கச்சியிடம் பேசியது 'தண்ணி கொண்டா பாப்பா' என்ற ஒரே ஒரு வாக்கியம்.

திங்கட்கிழமை போன் வரவில்லை. அப்பாடா என்று இரண்டு கோட்டுகளைத் தைத்து முடித்தாள். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. நாலு பேரை வரச் சொல்லி மறுபடி அளவெடுத்தாள். புதன்கிழமை, கைப்பேசி கெட்டுப்போயிருக்குமோ என்று பேக்கரிக்காரரை விட்டுக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். நன்றாக அடித்தது. மாலை புருஷன் வந்து, "மச்சானுக்கு இன்னிக்கு மேல நல்ல மழையாம். மச்சான் புது ஸ்வெட்டர் வாங்கினாராம்" என்று அளந்துகொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் சேதியை உங்க வாயால கேக்குற நிலைமையா எனக்கு?" என்று வெடித்தாள். "நான்தானே உங்களைச் சேர்த்து வச்சேன்? சேர்ந்ததும் என்னைக் கழட்டி விட்டுட்டீங்க ரெண்டு பேரும்!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையில் எடுத்த தேநீரைக் குடிக்காமலே விழித்தார். சேர்ந்தால் சந்தோஷப்படுவாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குக் கைப்பேசி அடித்தது.

"பாப்பா, ஏழு மணிக்கு இருபத்தி ரெண்டு."

"இதை எதுக்கு என்கிட்ட சொல்ற? அந்த அம்மா திட்டப் போறாங்க. ஹாட்லைன்ல அவர்கிட்ட சொல்லலையா?"

"அப்பவே சொல்லியாச்சு."

"பின்ன?"

"மூணு நாளாத் தண்ணியைத் திறந்தேன் பாப்பா. உன்கிட்ட சொல்லாம, திறந்த மாதிரியே இல்ல."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, இருபத்தி ரெண்டு. அப்புறம் சொல்லு அண்ணே."